கலர் கோடு கிடைக்கவில்லை என்று சொன்ன மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். முந்தாநாள் உனக்கு ஒரு படம் அனுப்பினேன். நம் காரில் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடுகிற தூணில் கம்பெனிக்காரன் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறதே, அதன் படம். அந்த ஸ்டிக்கரில் வண்டியின் நிறத்துக்கு உண்டான கோடு, எழுத்தும் எண்ணுமாக, கண்ணாடி போட்ட என் கண்ணுக்கே பளிச்சென்று தெரிகிறது. 'கோடு கிடைக்கலம்மா, கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், பதில் வரட்டும்' என்று ஒரு மாதமாக நீ சொல்லிக்கொண்டிருந்த அதே கோடு. படத்தைப் பார்த்ததும் நீ என்ன பதில் அனுப்பினாய்? 'எல்லாம் உன் நல்லதுக்குத்தான்ம்மா.' பக்கத்தில் கும்பிடுகிற கை பொம்மை ஒன்று. அதைப் படித்ததும் எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. போனில் பேசினால் 'அம்மா, மீட்டிங் இருக்கு' என்று பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். இதை நிவேதாவும் படிக்கட்டும். அடுத்த மாதம் உனக்குக் கழுத்தை நீட்டப் போகிறவள் யாருக்கு நீட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு நீட்டுவது நல்லது. உன் பெரியம்மா மகன் ராஜனுக்கும் காட்டு. நான் ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

முதலில் அந்த உரசலை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ ஊரெல்லாம் சொல்கிற கதையில் இடித்தவள் நான். ஆனி மாதக் கடைசி. அப்பாவுக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடை முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பையைத் தேடிக்கொண்டிருந்தேன். தறிக்கு நூல் மூட்டை ஏற்றி வந்த லோடு ஆட்டோ ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்து, இடது பக்கக் கதவு இரண்டையும் இழுத்துக்கொண்டு போனது. இறங்கி வந்த டிரைவர் கேட்கிறான்: "ஏம்மா, இங்கன கொண்டுவந்தா வண்டிய நிப்பாட்டுவீய?" எனக்கு வந்ததே கோபம்! "நிக்கிற வண்டில வந்து இடிச்சுட்டு என்னயவே கேள்வி கேக்கியாவே? கண்ண எங்க வச்சுருந்த?" என்றேன். கூட்டத்தில் நின்ற ஒருவர், இடித்தவனை விட்டுவிட்டு, "பொம்பளயாள் ஓட்டுனா இப்படித்தான்" என்றார். அவரையும் விடவில்லை, அது வேறு கதை. அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். நீ கேட்ட முதல் கேள்வி: "எப்படிம்மா இடிச்ச?" இரண்டே வார்த்தையில், நிற்கிற வண்டியை ஓட்டி, ஆட்டோவைத் தேடிப் போய் இடித்தவளாக என்னை ஆக்கிவிட்டாய்.

அந்த வண்டி எனக்கு என்ன என்பது உனக்குத் தெரியாதா? தபால் ஆபீஸில் மற்றவர்களுக்கு வந்ததை எல்லாம் முத்திரை குத்தி அனுப்பியே வேலைக்காலம் முழுதும் போனது. எங்கே போக வேண்டுமானாலும் பஸ், இல்லாவிட்டால் உன் அப்பா யாரையாவது பிடித்துத் தருகிற வண்டி. ரிட்டயரான பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தபோது, சொல்லிக்கொடுத்த பையன், "அம்மா, கிளட்ச்சை மிதிங்கன்னா சாமி கும்புடுத மாதிரி தொட்டுத் தொட்டு எடுக்கீயளே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கற்றுக்கொண்டேன். ஷோரூமில் வெள்ளை எடுங்கள், சில்வர் எடுங்கள், விற்கும்போது விலை போகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் வாங்கத்தான் வந்திருக்கிறேன், விற்க வரவில்லை என்று சொல்லி, மாதுளை முத்து மாதிரி இருந்த அந்தச் சிவப்பை நானே பார்த்து எடுத்தேன். நீதான் பக்கத்தில் நின்று படம் பிடித்தாய். அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பி, 'என் அம்மா' என்று பெருமையாக எழுதியவனும் நீதான். அந்த மகன் எங்கே போனான் என்று இப்போது கேட்கிறேன்.

புளியங்குடிக்குப் போய் எலுமிச்சை வாங்கி வருவேன். அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவேன். வெள்ளிக்கிழமை ஆனால் சிவகிரிக்கு, உன் பெரியம்மா வீட்டுக்கு. என் அக்காவை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் நிவேதா இதைப் படித்தால் அவளுக்காகச் சொல்கிறேன். புருஷன் போன பிறகு வயலையும் தென்னந்தோப்பையும் தனி ஆளாக நின்று பார்த்தவள் அவள். நெல் வாங்க வந்த வியாபாரி எடை போடும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த மூட்டைய மறுக்கத் தூக்கி வையும்வே" என்பாள். அவள் சத்தம் போட்டால் தோப்பில் தேங்காய் பறிக்கிறவன் மரத்திலேயே நின்றுவிடுவான். போன வருஷம் தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். பஸ் படி ஏற முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் நான் போய், அவளை முன் சீட்டில் உட்கார வைத்து, சும்மா மலைப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டில் விட்டு வருவேன். அவளுக்கு வேறு வெளியுலகம் கிடையாது.

அடிபட்ட வண்டியை ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற சுடலைமுத்துவின் பட்டறையில் விட்டேன். அவன் நல்ல வேலைக்காரன்தான். ரெண்டே நாளில் தகரத்தைத் தட்டி நேராக்கி, பள்ளத்தில் பட்டி பூசி, தேய்த்து, அடிப்பூச்சாகப் பிரைமரும் அடித்துவிட்டான். கதவு ரெண்டும் சாம்பல் நிறத்தில் நின்றன. மேலே கலர் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் இந்தக் கோடு கதை ஆரம்பித்தது. "சிவப்புன்னா ஒரே சிவப்பாம்மா? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஏழெட்டுச் சிவப்பு இருக்கு. கோடு தெரியாம அடிச்சா கதவு மட்டும் தனியாத் தெரியும். அப்புறம் என்னைய ஏசுவீய" என்றான். நியாயம்தானே என்று நினைத்தேன். உன்னிடம் கேட்டேன். நீ ஒரு பாடமே நடத்தினாய். ஆர்.சி. புத்தகத்தில் வெறும் சிவப்பு என்றுதான் இருக்கும், அது உதவாது என்றாய். கம்பெனியில் எந்தச் சிவப்பு அடித்தானோ அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு உண்டு, அதைச் சொன்னால்தான் கடைக்காரன் மெஷினில் போட்டு அதே நிறத்தைக் கலந்து தருவான் என்றாய். அந்தக் கோடு வண்டியில் எங்கே இருக்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டாய். அத்தனையும் தெரிந்தவனுக்கு அது மட்டும் தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெற்ற பிள்ளை சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஆடி பிறந்தது. நான் போகும்போதெல்லாம் சுடலைமுத்து, "நாளைக்கு வந்துரும்மா" என்பான். நீ, "நாளைக்குப் பதில் வந்துரும்மா" என்பாய். ஒரு நாள் நான் கொஞ்சம் சத்தம் போட்டபோது அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆடில வண்டிக்கு கலர் வைக்கக் கூடாதும்பாவம்மா. ஆவணி பொறக்கட்டுமே" என்றான். ஆடியில் கல்யாணம் பேச மாட்டார்கள், குடி போக மாட்டார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். கார் கதவுக்குக்கூட ஆடி ஆகாது என்று அன்றுதான் கேட்டேன். "எந்தச் சாமிவே அப்படிச் சொல்லிச்சு?" என்று கேட்டதற்கு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டு வந்தேன். அந்தச் சாஸ்திரத்தை அவனுக்கு எடுத்துக்கொடுத்தது நீ என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், அவளுக்கு அப்படிப் பேசிப் பழக்கமே கிடையாது. "ஏட்டி, ராஜன் என்னைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். அந்த அடுக்குமாடி வீட்டுல போய் நான் என்ன செய்வேன்? சன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுச் சுவரு. நான் உன் வீட்டுக்கு வாரேன். ஒரு கட்டில் போடுத இடம் போதும். தபசுக்கு முன்னாடி வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிரு" என்றாள். நம் ஊர்க் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நம் வீட்டில் வந்து தங்குகிறவள்தானே, தபசுக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டால் ராஜனும் மெதுவாக விட்டுவிடுவான் என்பது அவள் கணக்கு. வாடகைக் கார் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அறிவு இருக்காட்டி உனக்கு? வாடகைக் கார் வாசல்ல நின்னா தெருவே ராஜனுக்குப் போன் போட்டுரும். உன் வண்டி வெள்ளிக்கிழமை எப்பவும் வாரதுதான, ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாவ" என்றாள். "சரிக்கா, வண்டிக்குக் கலர் அடிச்சா முடிஞ்சுது. நாளைக்கோ மறுநாளோ வந்துருவேன்" என்று சொன்னேன். மகனே, அந்த வாக்கை உன்னுடைய 'நாளைக்கு'களை நம்பித்தான் கொடுத்தேன். அவள் மறுபடி கேட்டாள், நான் மறுபடி அதையே சொன்னேன். பிரைமர் கதவோடு போய்விடலாம் என்றுகூடச் சுடலைமுத்துவிடம் கேட்டேன். மழை பட்டால் பிரைமர் ஊறித் தகரம் துருப்பிடிக்கும், வெளியே எடுக்கவே கூடாது என்று பயமுறுத்தி அனுப்பினான். சாரல் காலம் வேறு. நம்பினேன்.

தபசுக்குக் கொடி ஏறிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சிவகிரிப் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்து, "உங்க அக்காவ நேத்து மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாவளே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். போகும்போது அக்கா வாசல்படியில் வாக்கரை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். யாரை எதிர்பார்த்தாள் என்று அவளுக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு அழுதேன். உன் அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "அழாத, தங்கச்சி வீடோ மகன் வீடோ, எங்கயோ நல்லாத்தான இருப்பா" என்றார். அவர் முகத்தில் ஒரு மாதிரி திருட்டுமுழி இருந்தது. அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. உன்மேல் அல்ல, அந்தக் கோட்டின்மேல். ஒரு வண்டியின் நிறத்துக்குப் பேர் தெரியாமல் ஒரு மாதம் ஒரு மனுஷி வீட்டில் உட்கார்ந்திருப்பதா என்று, நேரே டவுனில் பெயிண்ட் கடைக்குப் போனேன். வண்டிக் கம்பெனி பேரையும் வருஷத்தையும் சொல்லி, கோடு கிடைக்கவில்லை என்றேன். கடைக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கிடைக்காம எங்கம்மா போகும்? டிரைவர் கதவத் தொறங்க, நடுத்தூண்ல ஸ்டிக்கர் இருக்கும். அங்க இல்லைன்னா பானெட்டத் தூக்கிப் பாருங்க, உள்ள தகடு இருக்கும். வண்டி வாங்கும்போது தந்த புக்லகூட சில கம்பெனிக்காரன் போட்டிருப்பான். இதுக்கா ஒரு மாசம்?" என்றார். பக்கத்தில் டின் தூக்கிக்கொண்டிருந்தவருக்குக்கூட அது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது, ஏனென்றால் நான் தெரிந்தவனாகப் பார்த்துக் கேட்டேன்.

பட்டறையில் சுடலைமுத்து டீ குடிக்கப் போயிருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்தேன். தூணில் ஸ்டிக்கர் இல்லை. அந்த இடத்தில் பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற மஞ்சள் காகித டேப் நீளமாக ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது, அடிபட்டது இடது பக்கம், இந்தப் பக்கம் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று இங்கே டேப்? நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன். உள்ளே ஸ்டிக்கர், ஒரு கீறல்கூட இல்லாமல். எடை, டயர் காற்று, வண்டி எண், கடைசி வரியில் கலர் என்று போட்டு அதன் பக்கத்தில் அந்தக் கோடு. மகனே, நான் அந்த இடத்திலேயே, திறந்த கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த டேப்பை யாரோ எனக்காகவே ஒட்டியிருக்கிறார்கள். நான் வந்து பார்த்துவிடக் கூடாது என்று யோசித்து, அளவெடுத்து, கிழித்து, ஒட்டியிருக்கிறார்கள். என் சொந்த வண்டியில் எனக்கு எதிராக.

திரும்பி வந்த சுடலைமுத்து, என் கையில் இருந்த டேப்பைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "அம்மா, என்னைய ஏசாதீய. அண்ணந்தான் சொன்னாவ. அம்மாவுக்கு வயசாகுது, சொன்னாக் கேக்க மாட்டா, வண்டி கைல கெடச்சா ஓட்டத்தான் செய்வா, கல்யாணம் முடியுத வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிங்கன்னாவ. அதுக்கப்புறம் வித்துரலாம்னாவ. ஸ்டிக்கரக் கிழிக்கத்தான் சொன்னாவ, எனக்கு மனசு கேக்கல, அதான் டேப்ப ஒட்டுனேன்" என்றான். "நீ உன் அம்மாவுக்கு இப்படிச் செய்வியாவே?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கேட்டேன். "நான் வேண்டாம்னுதான் அவன்ட்டச் சொன்னேன்" என்றார். உன்னிடம் சொன்னாராம், என்னிடம் சொல்லவில்லை. அன்று அவருக்குச் சாப்பாடு வைத்தேன், பக்கத்தில் உட்காரவில்லை.

என் நல்லதுக்கு என்கிறாயே, சரி, ஒன்று கேட்கிறேன். காலேஜ் முடித்த வருஷம் பழைய பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு, நண்பர்களோடு வடக்கே பனிமலை வரை போகப் போகிறேன் என்று வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? போகாதே என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ கத்தினாய், நானும் கத்தினேன். கடைசியில் நீ போனாய். நான் ஸ்வெட்டர் எடுத்து வைத்தேன், தினமும் போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். உன் பைக் டயரில் நான் காற்றைப் பிடுங்கி விடவில்லை. மெக்கானிக்கைப் பிடித்து எஞ்சினைக் கழற்றிப் போடச் சொல்லவில்லை. சாவியை ஒளித்து வைத்து, தொலைந்துவிட்டது என்று உன்னோடு சேர்ந்து தேடவில்லை. செய்ய எனக்குத் தெரியாமல் இல்லை. நீ ஒரு ஆள், உன்னோடு சண்டை போடலாம், உன்னை ஏமாற்றக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவு மரியாதை உனக்கு நான் கொடுத்தேன். எனக்கு நீ கொடுத்தது டேப்.

உனக்குப் பயம் என்றால் சொல்லியிருக்கலாமே. "அம்மா, நீ ஓட்டுறது எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை. நான் ஏசியிருப்பேன், மறுக்கவில்லை. கண்ணைச் சோதித்துக் காட்டு என்றால் காட்டியிருப்பேன். மழையில் ஓட்டாதே என்றால் சரி என்றிருப்பேன். நீ கம்பெனியில் உன் கீழே வேலை பார்ப்பவர்களிடம் எல்லாம் கலந்து பேசித்தான் முடிவெடுப்பாய் என்று பெருமையாகச் சொல்வாயே. அம்மா என்றால் மட்டும் கலந்து பேச ஆள் இல்லையா? சுடலைமுத்துவோடு பேசினாய், அப்பாவோடு பேசினாய். என்னைப் பற்றி எல்லோரிடமும் பேசினாய், என்னைத் தவிர. நாளைக்கு நிவேதாவிடம் இந்த வேலையைக் காட்டாதே. அவள் வேலைக்குப் போவதோ, அவள் வீட்டுக்குப் போவதோ, எது பிடிக்கவில்லை என்றாலும் அவளிடம் வாயைத் திறந்து சொல். அவள் பின்னால் போய் ஒரு ஸ்டிக்கரின் மேல் டேப் ஒட்டாதே. கல்யாணத்துக்கு முன் அம்மா சொல்கிற புத்தி என்றால் இது ஒன்றுதான்.

மறுநாளே வண்டியை எடுத்தேன். பிரைமர் கதவோடுதான். துருப்பிடித்தால் பிடிக்கட்டும். அப்பாவும் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டார், நான் கூப்பிடவில்லை. மதுரைக்குப் போய், ராஜன் வீட்டில் லிப்ட் ஏறிக் கதவைத் தட்டினேன். ராஜன் கெட்டவன் இல்லை. அக்காவுக்குத் தனி ரூம், ஏசி, பார்த்துக்கொள்ள ஒரு பெண், எல்லாம் வைத்திருக்கிறான். "வாங்க சித்தி, அம்மா இங்க நல்லா செட்டாயிட்டாங்க" என்றான். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நைட்டி போட்டுவிட்டிருந்தார்கள். அவளைச் சேலையில் தவிர நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தேவலை. நான் சுற்றி வளைக்காமல், ராஜனை வைத்துக்கொண்டே கேட்டேன்: "யக்கா, வண்டி கீழ நிக்கு. என்னோட வாறியா?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமல், மகன் முகத்தைப் பார்த்தாள். நெல் வியாபாரியையே மறுபடி எடை போட வைத்த என் அக்கா, தனக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பதை அவன் முகத்தில் தேடினாள். அவன், "இப்ப என்னம்மா அவசரம், கல்யாணம் கழிஞ்சு பாக்கலாம்" என்றான். "ஆமா, அவன் சொல்லுததும் சரிதான்" என்றாள் அக்கா. இத்தனை சின்னக் குரல் அவளுக்கு எங்கிருந்து வந்தது? எத்தனை நாள் இருக்கும் அவள் அங்கே போய்? அதற்குள் அவளுக்கு அது பழகிவிட்டது. லிப்ட்டில் இறங்கும்போது உன் அப்பாவின் கண் கலங்கியிருந்தது. கார் பார்க்கிங்கில் நின்று, "நான் உன்ட்டச் சொல்லியிருக்கணும்" என்றார். நான் வண்டியைக் கிளப்பினேன். அன்றுதான் உனக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். நீயும் உடனே கும்பிடு போட்டுவிட்டாய்.

அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம். கல்யாணம் கழிந்து பார்க்கலாம் என்று ராஜன் சொன்னதை நான் விடப் போவதில்லை. அவளை மறுபடியும் போய்க் கேட்பேன், அவன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பேன், அவள் பழைய குரலில் ஏசுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன். கல்யாண மண்டபத்துக்கு எங்களைக் கூட்டிவர நீ ஏற்பாடு செய்திருக்கும் ஏசி வண்டியை ரத்து செய்துவிடு. நான் ஓட்டிக்கொண்டுதான் வருவேன். பெண்வீட்டார் முன்னால் உனக்கு அது கஷ்டமாக இருந்தால் போன் செய்து என்னிடம் சொல், அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. எனக்கு முடியாமல் போகிற நாள் ஒன்று வரும், தெரியாதவள் இல்லை. அன்றைக்கும் வந்து என்னைக் கேள். வேண்டும் என்பேன், வேண்டாம் என்பேன், உன்னோடு தொண்டை கிழியச் சண்டை போடுவேன், தோற்றும் போவேன். ஆனால் ஒருவர் வந்து என்னிடம் ஒன்று கேட்டால், பதிலுக்கு உன் முகத்தைப் பார்க்கிற ஆளாக என்னை ஆக்கிவிடாதே.

அம்மா